புதிதாக வரும் பிள்ளைக்கும் ஓர் இருக்கை: ஸ்டார் ட்ரெக்கின் குடும்ப அனிமேஷன் தொடர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார்ட்டூன் என்றாலே 'பொம்மைப் படம்தானே, பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகட்டும்' என்ற நினைப்பு நம் வீடுகளில் உண்டு. அந்தப் படங்களுக்குப் பணம் போடுகிற அமெரிக்க நிறுவனங்களிடமும் அதே நினைப்புதான் இருக்கிறது. அந்த நினைப்பை மீறி நல்ல தொடர்கள் எப்படி வந்தன, அந்த நினைப்பால் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்ற இரண்டையும் இன்று பார்க்கலாம்.

நான் எடுத்துக்கொண்ட களம் ஸ்டார் ட்ரெக். 1966 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, தொடர்களும் திரைப்படங்களுமாகக் கிளை விட்ட அறிவியல் புனைகதை வரிசை அது. அதில் 2020இல் வந்த 'லோயர் டெக்ஸ்' என்ற அனிமேஷன் தொடர் பெரியவர்களுக்கான நகைச்சுவை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்படி வந்த தொடர்கள் இரண்டு: 1973இன் 'தி அனிமேட்டட் சீரீஸ்', 2021இன் 'ப்ராடிஜி'.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கான தொடரில், பழைய பாத்திரம் ஒன்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாலே போதும், நெடுநாள் ரசிகர் நெகிழ்ந்துவிடுவார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாத்திரம் யாரென்றே தெரியாது. அதனிடம் பழைய பெருமை செல்லுபடியாகாது. இந்த உலகத்தின் கொள்கை என்ன, இதன்மேல் ஏன் பற்று வைக்க வேண்டும் என்பதை அடியிலிருந்து சொல்லி நிறுவியாக வேண்டும். அதனால், ஒரு கதைவரிசைக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சரியான இடம் அதன் குடும்ப அனிமேஷன் தொடர்தான் என்பது என் துணிபு.

சனிக்கிழமைக் காலை

மூலத் தொடர் மூன்று சீசன்களில் 79 அத்தியாயங்கள் எடுக்கப்பட்டு 1969இல் நிறுத்தப்பட்டது. மறுஒளிபரப்பில்தான் அதற்குக் கூட்டம் கூடியது. அதைப் பார்த்து ஃபில்மேஷன் ஸ்டூடியோ அதை அனிமேஷனாக எடுக்க முன்வந்தது. 1973 செப்டம்பர் 8, சனிக்கிழமை காலை, என்பிசியில் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. அன்றைய அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலை என்றால் பிள்ளைகளின் நேரம். தின்பண்டங்களுக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் விளம்பரம் ஓடும், நடுநடுவே கார்ட்டூனும் ஓடும்.

ஃபில்மேஷன் சிக்கனத்துக்குப் பேர்போனது. ஒருமுறை வரைந்த முகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தாளும். கேப்டன் கிர்க் பேசினால் உதடு மட்டும் அசையும், கன்னம்கூட நகராது. குரலிலும் அதே சிக்கனம். ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹனும் நர்ஸ் சாப்பலாக நடித்த மேஜல் பாரட்டும் வேற்றுக்கிரகவாசிகள் பலருக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தார்கள். செக்காவ் பாத்திரம் கழற்றிவிடப்பட்டது. அதில் நடித்த வால்டர் கோனிக்குக்கு ஓர் அத்தியாயம் எழுதும் வாய்ப்பு கிடைத்தது. உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ், சூலுவாக நடித்த ஜார்ஜ் டகேய் இருவரையும்கூட முதலில் சேர்ப்பதாக இல்லை. அவர்கள் இல்லாமல் நானும் வரமாட்டேன் என்று ஸ்பாக்காக நடித்த லென்னர்ட் நிமாய் நின்ற பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள்.

கையைக் கட்டிய இதே ஊடகம் இன்னொரு பக்கம் கட்டை அவிழ்த்தும் விட்டது. மூன்று கையும் மூன்று காலும் கொண்ட ஒரு மாலுமியை 1966இன் ஒப்பனைக் கலைஞர்கள் கனவில்தான் பார்த்திருக்க முடியும். வரைபவருக்கு அதில் கூடுதல் செலவில்லை. அரெக்ஸ் என்ற அந்த மாலுமி செக்காவ் இருந்த இடத்தில் அமர்ந்தார். பூனை இனத்தைச் சேர்ந்த மிரெஸ் என்ற பெண் அதிகாரியும் வந்தார். 'தி லோரலை சிக்னல்' அத்தியாயத்தில் ஆண்கள் எல்லோரும் ஒரு கிரகத்தின் மயக்கத்தில் விழ, உஹுரா கப்பலின் தலைமையை ஏற்கிறார். மூலத் தொடரின் 79 அத்தியாயங்களில் ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்காத பொறுப்பு அது.

மொத்தம் 22 அத்தியாயங்கள். 1975இல் பிள்ளைகளுக்கான தொடர் என்ற பிரிவில் டேடைம் எம்மி விருது கிடைத்தது. ஸ்டார் ட்ரெக் வென்ற முதல் எம்மி அதுதான். படத்தின் அசைவை மட்டும் வைத்துத் தரம் பார்ப்பவர்கள் இந்தத் தொடரை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். எழுத்தைப் பார்த்தால் கதை வேறு. கதைப் பொறுப்பு டி. சி. ஃபான்டானாவிடம் இருந்தது. மூலத் தொடரிலும் அந்தப் பொறுப்பை வகித்தவர் அவர். லாரி நிவன் போன்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர்களும், மூலத் தொடருக்கு எழுதிய டேவிட் ஜெரால்டும் இதற்கு எழுதினார்கள். பிள்ளைகளுக்குத்தானே என்று அவர்கள் யாரும் இடது கையால் எழுதித் தள்ளவில்லை.

ஒரு செல்லப்பிராணியின் சாவு

ஃபான்டானாவே எழுதிய 'யெஸ்டர்இயர்' என்ற அத்தியாயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 1973 செப்டம்பர் 15இல் வந்தது. காலப் பயணம் ஒன்று முடிந்து கப்பலுக்குத் திரும்பும் ஸ்பாக்கை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஸ்பாக் என்ற வல்கன் இனச் சிறுவன் ஏழு வயதிலேயே இறந்துவிட்டதாக வரலாறு மாறிக்கிடக்கிறது. அதைச் சரிசெய்ய, தூரத்து உறவினர் என்று பெயர் மாற்றிச் சொல்லிக்கொண்டு, தன் சிறுவயது வீட்டுக்கே போகிறார் ஸ்பாக்.

அங்கே இருக்கும் சிறுவன் பாதி மனிதன், பாதி வல்கன். மற்றப் பிள்ளைகள் அவனைச் சீண்டுகிறார்கள். தந்தை கண்டிப்பானவர். வல்கன் சிறுவர்கள் பாலைவனத்தில் தனியே தாக்குப்பிடித்துக் காட்ட வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதில் தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தில், குறித்த நாளுக்கு முன்பே யாரிடமும் சொல்லாமல் அவன் கிளம்பிவிடுகிறான். ஐ-சாயா பின்னாலேயே போகிறது. அது அந்த வீட்டின் செல்லப்பிராணி. கரடி போன்ற உடம்பு, நீண்ட பற்கள், வயதாகித் தளர்ந்த நடை. கொடிய விலங்கொன்று சிறுவன்மேல் பாயும்போது ஐ-சாயா குறுக்கே விழுந்து போராடுகிறது. நஞ்சு ஏறிவிடுகிறது.

சிறுவன் இரவோடு இரவாக ஓடி மருத்துவரை அழைத்து வருகிறான். மருத்துவரிடம் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. வலியோடு சில காலம் உயிரை நீட்டிக்கலாம், அல்லது அமைதியாகப் போகவிடலாம். முடிவைச் சிறுவனிடமே விடுகிறார். அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறான்.

பிள்ளைகள் நிகழ்ச்சியில் வளர்ப்பு விலங்கு சாவதா என்று தொலைக்காட்சி நிறுவனம் தயங்கியது. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ரோடன்பெரி ஃபான்டானாவின் பக்கம் நின்றார். காட்சி அப்படியே வந்தது. அது ஏன் நல்ல காட்சி என்பதற்குக் காரணம் கண்ணீர் மட்டும் இல்லை. அறிவின் வழி நிற்பதா, உணர்வின் வழி நிற்பதா என்பது ஸ்பாக்கின் பிறவிச் சிக்கல். மூலத் தொடர் மூன்று சீசன்களாகத் தொட்டுத் தொட்டுச் சென்ற சிக்கல். அதை இந்த அத்தியாயம், தெரு நாய்க்கு ஒருமுறையாவது சோறு வைத்த எந்தப் பிள்ளைக்கும் புரிகிற ஒரு முடிவாகக் கொண்டுவந்துவிட்டது. துன்பத்தை நீட்டிக்காமல் விடுவது அறிவும்தான், அன்பும்தான். ஸ்பாக்கை முன்பின் அறியாத பிள்ளைக்கு அவர் யாரென்று அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடுகிறது. பத்து ஆண்டு பார்த்தவருக்கோ, ஸ்பாக் ஏன் இப்படி ஆனார் என்ற கேள்விக்கு முதல்முறையாக விடை கிடைக்கிறது.

இந்தத் தொடரைப் பின்னாளில் அதிகாரபூர்வ வரலாற்றில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்தார்கள். ஆனாலும் எடுத்துக்கொள்ள மட்டும் தயங்கவில்லை. கிர்க்கின் நடுப்பெயர் டைபீரியஸ் என்பது இந்தக் கார்ட்டூனில்தான் முதலில் சொல்லப்பட்டது. எண்டர்பிரைஸ் கப்பலின் முதல் கேப்டன் ராபர்ட் ஏப்ரலைத் திரையில் முதலில் காட்டியதும் இதுதான். 2022இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில் ஒரு நடிகர் அந்தப் பாத்திரத்தை ஏற்று நடிக்கிறார்.

பேச்சு பறிக்கப்பட்ட சுரங்கம்

இனி 'ப்ராடிஜி'. நிக்கலோடியனோடு சேர்ந்து எடுக்கப்பட்ட முப்பரிமாணக் கணினி அனிமேஷன். 2021 அக்டோபர் 28இல் பாரமவுண்ட் பிளஸ் ஓடிடி தளத்தில் தொடங்கியது. உருவாக்கியவர்கள் கெவின் ஹேக்மன், டேன் ஹேக்மன் சகோதரர்கள். முதல் சீசனின் காட்சியமைப்பை வழிநடத்திய பென் ஹிபன், 2010இல் வந்த ஹாரி பாட்டர் படத்தில் மூன்று சகோதரர்களின் கதையை நிழலுருவங்களாகக் காட்டும் அனிமேஷன் பகுதியை இயக்கியவர். ஃபில்மேஷனின் அசையாத கன்னங்களிலிருந்து இது வெகுதூரம். சுரங்கத்தின் இருட்டும், கப்பலின் வெள்ளொளியும், சிறுவர்களின் முகத்தில் ஓடும் தயக்கமும் திரைப்படத் தரத்தில் இருக்கின்றன. வடிவமைப்புக்காக அலெஸான்ட்ரோ தைனி 2022இல் எம்மி பெற்றார்.

தொடர் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். ஸ்டார் ட்ரெக் என்றால் பல கிரகங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் கப்பல், பயிற்சி பெற்ற அதிகாரிகள், மடிப்புக் கலையாத சீருடை. இங்கே அது எதுவும் இல்லை. கூட்டமைப்பு எட்டாத தொலைவில் டார்ஸ் லமோரா என்ற சுரங்கச் சிறை. அடைபட்டிருப்பவர்கள் பலரும் சிறுவர்கள். பல இனம், பல மொழி. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. சிறையை ஆளும் டிவைனர் மொழிபெயர்ப்புக் கருவியை வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்திருக்கிறான். பேசிக்கொண்டால் கூடிவிடுவார்கள், கூடினால் எழுந்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். பல மொழி கற்ற அவனுடைய மகள் க்வினால் மட்டும் எல்லோரிடமும் பேச முடியும். அந்தக் கல்வி தந்தையின் கட்டளைகளைக் கைதிகளுக்குச் சொல்லத்தான் பயன்படுகிறது.

டால் என்ற துடுக்குப் பையனும் ராக்-டாக் என்ற கைதியும் சுரங்கத்துக்குள் புதைந்துகிடக்கும் ப்ரோட்டோஸ்டார் கப்பலைக் கண்டுபிடிக்கிறார்கள். ராக்-டாக் பாறையால் ஆன மலை போன்ற உருவம். பேசினால் உறுமல் மாதிரிதான் கேட்கும். எல்லோருக்கும் அவளைக் கண்டால் நடுக்கம். கப்பலின் கருவி உயிர்பெற்றதும் அந்த உறுமல் சொற்களாக மாறுகிறது. கேட்பது எட்டு வயதுச் சிறுமியின் மெல்லிய குரல்.

பார்க்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கத்தான் வேண்டும். நெடுநாள் ரசிகருக்கு அங்கே வேறொன்று உறைக்கும். எல்லா மொழியையும் பெயர்க்கும் இந்தக் கருவி ஸ்டார் ட்ரெக்கில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. வேற்றுக்கிரகவாசிகள் எல்லோரும் ஆங்கிலம் பேசுவதற்குக் கதாசிரியர்கள் கண்டுபிடித்த சமாதானம் அது. பிறகு பெரும்பாலும் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ப்ராடிஜி அதைப் பிடுங்கிவிட்டுக் கதையைத் தொடங்குகிறது. அது இல்லாத இடத்தில் அடிமைத்தனம் எவ்வளவு எளிதாக நடக்கும் என்று காட்டிவிட்டு, பிறகு திருப்பிக் கொடுக்கிறது. கூட்டமைப்பு என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று கொள்கை விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிந்த அந்த நொடியே விளக்கம். ஐம்பது ஆண்டுகளாகப் பெரியவர்களின் தொடர்கள் செய்யாத வேலையைப் பிள்ளைகளின் தொடர் தன் முதல் அத்தியாயத்திலேயே செய்துவிட்டது. வெளியே நிற்பவரின் கண்ணால் பார்த்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்ததுதான் காரணம்.

ராக்-டாக்கின் கதை அத்தோடு முடியவில்லை. உடம்பைப் பார்த்து அவளுக்குப் பாதுகாப்பு வேலையை ஒதுக்குகிறார்கள். அவளுக்கு அதில் விருப்பமில்லை. 'டைம் அமாக்' என்ற அத்தியாயத்தில் கப்பலின் காலம் உடைந்துபோகிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் நேரம் ஓடுகிறது. ராக்குக்கு மட்டும் அது ஊர்ந்து செல்கிறது. மற்றவர்களுக்குச் சில நிமிடங்கள். அவளுக்கோ ஆளில்லாத கப்பலில் நெடுங்காலத் தனிமை. கப்பலைக் காக்க வேண்டிய கணக்கும் பொறியியலும் அவளுக்குத் தெரியாது. அழுகிறாள், பிறகு பாடம் படிக்க உட்காருகிறாள். நண்பர்கள் திரும்பக் கிடைக்கும்போது, அவளுடைய தனிமையின் நீளம் அவர்களுக்கு மெல்லத்தான் உறைக்கிறது. அதன்பின் அவள் தேர்ந்துகொள்ளும் துறை அறிவியல். விண்வெளிச் சாகசத்துக்கு நடுவே, வீட்டில் தனியாக விடப்படும் ஒரு பிள்ளையின் மனம் இங்கே ஒளிவுமறைவில்லாமல் சொல்லப்பட்டுவிட்டது.

பெற்றோருக்கு ஒரு காது, பிள்ளைக்கு ஒரு காது

குடும்பத் தொடர் இரண்டு தலைமுறைக்கு ஒரே நேரத்தில் பேச வேண்டும். இதைச் சரியாகச் செய்த அத்தியாயம் 'கோபயாஷி'. 1982இன் 'தி ராத் ஆஃப் கான்' படத்தில் வந்த, வெல்லவே முடியாத பயிற்சித் தேர்வை டால் ஹாலோகிராம் அறையில் எழுதிப் பார்க்கிறான். தனக்கு மாலுமிகளாக அவன் கேட்டுப் பெறுபவர்கள் பழைய தொடர்களின் ஸ்பாக், உஹுரா, ஸ்காட்டி, ஓடோ, டாக்டர் க்ரஷர். முதல் நால்வரின் குரல்கள் பழைய பதிவுகளிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை. நிமாய், டூஹன், ஓடோவாக நடித்த ரெனே ஓபர்ஜொன்வா மூவரும் அப்போது உயிரோடு இல்லை. பெற்றோர் அந்தக் குரல்களை ஒரு காதால் கேட்டு உருகலாம். பிள்ளைக்கு அது தேவையே இல்லை. எல்லாம் தெரிந்தவன்போல் நடந்துகொள்ளும் பையன் திரும்பத் திரும்பத் தோற்று, தலைமை என்பது தந்திரத்தைத் தாண்டிய ஒன்று என்று கற்கும் கதை தனியாகவே நிற்கிறது. வாயேஜர் தொடரின் கேப்டன் ஜேன்வே இங்கே பயிற்சியாளராக, ஹாலோகிராம் வடிவில், கேட் மல்க்ரூவின் அதே குரலில் வருவதும் இந்த வகைதான். அவரை முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று தொடர் எங்கும் எதிர்பார்க்கவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். 2024இல் வந்த இரண்டாம் சீசன் இந்தச் சமநிலையை அடிக்கடி நழுவவிடுகிறது. வாயேஜர் தொடரிலிருந்து வரும் கேப்டன் சக்கோட்டேயை மீட்கும் பயணம் காலச் சுழலில் சிக்கி, சரிசெய்யப்போய் மேலும் சிக்கலாகிறது. வாயேஜரின் டாக்டர் வருகிறார். 1987இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் வெஸ்லி க்ரஷர் வருகிறார். பழைய ரசிகருக்குப் பொங்கல்தான். புதிய பிள்ளைக்கோ, பக்கத்தில் உட்கார்ந்து யார் யாரென்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அங்கங்கே கதை அழகாகவே இருக்கிறது. ஆனாலும் முதல் சீசனில் வாசலைப் பார்த்து நின்ற தொடர், இரண்டாம் சீசனில் பாதி முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டது என்பது என் கணிப்பு.

முதலும் வட்டியும்

அறக்கட்டளை மேடையில் இந்த ஒப்புமையைச் சொல்லலாம். பழைய பாத்திரங்களை வைத்து எடுக்கப்படும் பெரியவர்களின் தொடர்கள், முன்னோர் போட்டுவைத்த முதலின் வட்டியில் வாழ்கின்றன. அந்த முதலோடு புதிதாகப் பணம் சேர்ப்பவை பிள்ளைகளின் தொடர்கள்.

இதற்குச் சான்று ஸ்டார் வார்ஸ். 2008 ஆகஸ்ட்டில் 'தி க்ளோன் வார்ஸ்' அனிமேஷன் திரைப்படம் வந்தபோது விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதில் அறிமுகமான அசோகா என்ற பதினான்கு வயது மாணவியின் வாய்த்துடுக்கு பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அக்டோபரில் தொடங்கிய தொடருக்குக் காலம் கொடுத்தார்கள். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2013 வரை ஐந்து சீசன்கள் ஓடின. இடைவெளி விட்டு 2014இலும் 2020இலும் மேலும் இரண்டு. மொத்தம் 133 அத்தியாயங்கள். எழுத்தும் படமும் ஆண்டுக்கு ஆண்டு தேறின. அசோகா பார்வையாளர்களோடு சேர்ந்து வளர்ந்தாள். தன்னை நம்பாத ஜெடாய் வீரர்களின் அமைப்பை விட்டு ஐந்தாம் சீசன் முடிவில் அவளே வெளியேறினாள். பத்து ஆண்டுக்குப் பிறகு, 2023இல், அவள் பெயரிலேயே நடிகர்கள் நடித்த தொடர் வந்தது. கார்ட்டூனில் போட்ட முதலுக்கு இன்று வட்டி வருகிறது.

ப்ராடிஜிக்கு அந்தக் காலம் தரப்படவில்லை. 2023 ஜூனில் செலவுக் குறைப்பு என்று சொல்லித் தொடரை நிறுத்தினார்கள். அதோடு விடாமல் முதல் சீசனைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். சந்தா கட்டியவர்களாலும் பார்க்க முடியவில்லை. ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். விமானத்தில் பதாகை கட்டிப் பறக்கவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் தொடரை வாங்கியது. 2024 ஜூலை 1இல் இரண்டாம் சீசன் வெளியானது. ஆக, இரண்டு சீசன், 40 அத்தியாயங்கள்.

பெரியவர் ஒரு தொடரை இன்று விட்டால் நாளை நினைவு வைத்துத் தேடிப் பிடிப்பார். பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. எட்டு வயதில் கண்ணில் படாத தொடர் அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை எடுக்கப்படாத தொடர். ஆகவே, பார்க்கக் கிடைப்பதும் பிள்ளைகள் தொடரின் தரத்தில் ஒரு பகுதி என்றே சொல்வேன். 1973இன் தொடர் பலமுறை மறுஒளிபரப்பாகி, பிறகு வட்டுகளாகவும் வந்து இன்றுவரை எட்டும் தூரத்தில் இருந்ததால்தான், அசையாத கன்னங்களையும் மீறி 'யெஸ்டர்இயர்' அடுத்தடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது.

முடிப்பதற்கு முன், ஊடகத் துறையில் விமர்சனம் எழுத வரும் மாணவர்களுக்கு ஒரு சொல். பிள்ளைகள் தொடரைப் பற்றி எழுதும்போது 'பெரியவர்களும் ரசிக்கலாம்' என்று பாராட்டி முடித்துவிடாதீர்கள். அது பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடும் பாராட்டு. சாவையும் தனிமையையும் அடிமைத்தனத்தையும் தொடர் பிள்ளையிடம் நேராகப் பேசுகிறதா என்று பாருங்கள். முன்கதை தெரியாத பிள்ளை தனியாக உட்கார்ந்தாலும் கதை புரிகிறதா என்று பாருங்கள். பிறகு நிறுவனத்தின் பக்கம் திரும்புங்கள். ஒரு நிறுவனம் தன் கதையுலகை எவ்வளவு மதிக்கிறது என்று அறிய, கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த திரைப்படத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கான தொடரை எழுத யாரை அமர்த்தினார்கள், எத்தனை ஆண்டு ஓடவிட்டார்கள், இன்று அதை எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் போதும். ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கியவர்கள் முதல் கேள்விக்கு இரண்டு முறையும் நல்ல விடை வைத்திருந்தார்கள். மற்ற இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் கணக்குப் புத்தகத்தோடு இருப்பவர்கள். அவர்களிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருப்பது விமர்சகரின் வேலை.